எடுக்க முடியாத வரி

ஜும்மா தொழுகை முடிந்து, செருப்பைத் தேடிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசல் படிகளில் நெருக்கியடித்து இறங்குகிற நேரத்தில் சேதி வந்தது. அம்பரீன் அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். போனில் பேசியவன் தபரேஸ். அவளுடைய தம்பி ஒவைஸுடன் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவன்.

"பாஜி, ஒவைஸ்... தொட்டில... நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க பாஜி. கொஞ்சம் சீக்கிரம்."

"எந்தத் தொட்டி? அவனுக்கு இன்னைக்கு லீவு."

 தபரேஸ் போனை யாரிடமோ கொடுத்தான்.  பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். எதற்காகப் போனாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. அங்கே விரித்த செய்தித்தாளின் மேல் வீட்டுத் தண்ணீர் மோட்டார் பிரிந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம், திருகாணிகள் ஒரு சில்வர் கிண்ணத்தில். காலையில் ஒவைஸ் அதைப் பிரித்து உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் போன் அடித்தது. அவள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள். "இன்னைக்கா? கேஸ் நிக்குமே... சரி ஆபா. வர்றேன் ஆபா" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, "அரை மணில வந்து மாட்டிடறேன் பாஜி. யாரும் தொடாதீங்க, வரிசையா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி ஒவைஸ் இறந்திருந்தான். மறுநாள் போஸ்ட்மார்ட்டம் முடிந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். எவ்வளவு குளிப்பாட்டியும் தோல்கழிவின் வாடை போகவில்லை என்று குளிப்பாட்டியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது பெண்கள் இருந்த அறைவரை கேட்டது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அந்த வாடையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. காற்று திரும்பினால் ஊர் முழுக்க வருகிற வாடைதான். அது ஒரு ஆளின் தலைமுடிக்குள் போய் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் அவள் முகர்ந்தாள்.

மூன்றாம் நாள் ஜியாரத் அன்று டேனரி மேனேஜர் தன்சீல் அகமது வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர். ஜமாத் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்து வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். ஒவைஸின் கைத்திறனைப் பற்றிச் சொன்னார். பம்பு ரிப்பேர் ஆனால் வேறு ஆளைத் தேடவே வேண்டியதில்லை என்றார். மௌத்து எழுதியிருந்தால் யாரால் தடுக்க முடியும் என்றார். கம்பெனி கைவிடாது என்றார். கடைசியில் எழுந்து, "எங்க பக்கம் ஏதாவது குறை இருந்தா மாஃப் பண்ணிடுங்க ஆபா" என்றார்.

முக்காட்டுக்குள் இருந்து அம்பரீன் கேட்டாள்: "என்ன குறை?"

"பொதுவா சொன்னேன் ஆபா."

"பொதுவா எனக்குப் புரியாது. ஒரே வரில சொல்லுங்க. அன்னைக்கு அவன யார் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலயே. வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு ஆச்சே" என்றார் தன்சீல் அகமது. ஜமாத் பெரியவர் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையை அம்பரீன் குறித்துவைத்துக்கொண்டாள். ஏனென்றால் வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களில் தோல் ஊறுகிற டிரம்கள் ஓடிக்கொண்டே இருக்கும், கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும். லீவு நாளில்தான் தொட்டியில் நீர் இறங்கும், அடைத்துக்கொண்ட பம்பு கண்ணுக்குத் தெரியும். தொட்டிக்குள் ஆள் இறக்குவதென்றால் இந்த ஊரில் அது வெள்ளிக்கிழமைதான்.

அவர் போன பிறகு அவர் குடித்து வைத்த டீ கிளாஸை அவள் கழுவவில்லை. குப்பைக் கூடையில் போட்டாள்.

*

அம்பரீன் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வீட்டில் உருது பேசி வளர்ந்தவள் தமிழ் ஆசிரியை ஆனது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. அவள் வாப்பா பச்சைத் தோல் ஏற்றுகிற லாரி டிரைவர். அவளைப் பள்ளியில் சேர்த்த வருஷம் உருது வகுப்பில் இடம் இல்லை. தெருமுனையில் இருந்த தமிழ்ப் பள்ளியில் இருந்தது. அவ்வளவுதான். கல்லூரியில் பி.ஏ. தமிழ் எடுத்தபோது அவள் செய்யுள் வாசித்தால் பின்பெஞ்சில் சிரிப்பார்கள். அவள் நிறுத்தமாட்டாள். சிரிப்பு அடங்குகிற வரை அதே வரியை மறுபடி மறுபடி வாசிப்பாள். கடைசியில் சிரித்தவர்களே சலித்துப்போய் நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தமிழ் டீச்சர் என்று கேட்டதும், "அரபி, உருது எதுவும் வராதா?" என்று விசாரிப்பார்கள். "அதுவும் வரும், சம்பளமும் வரும்" என்பாள். ஒரு இடமும் கூடிவரவில்லை. வாப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் அவளும் ஒவைஸும்தான்.

ஒவைஸுக்குப் படிப்பு ஏறவில்லை. கையில் எது கிடைத்தாலும் கழற்றுவான். டேபிள் ஃபேன், சைக்கிள் பம்பு, பக்கத்து வீட்டு ரேடியோ. பத்தாம் வகுப்பில் தமிழில் தோற்றுவிட்டு மறு தேர்வுக்கு உட்கார்ந்திருந்தான். பத்தியைப் படித்து மையக்கருத்தை எழுதச் சொன்னால், எல்லாப் பிள்ளைகளையும் போல முதல் வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுவான்.

"முதல் வரிதான்னு யாருடா சொன்னது உனக்கு?"

"முன்னால நிக்கிறவன்தான பாஜி பெரிய ஆளு?"

"எங்க வேணாலும் இருக்கும். நடுவுல இருக்கும். கடைசில இருக்கும். சில சமயம் எழுதாமலே விட்டிருப்பான்."

அவன் கழற்றிப் போட்டிருந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப மிஷின் மாதிரிதான். ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம். மூடிய எடுத்தாலும் ஓடும். வலைய எடுத்தாலும் ஓடும். எத எடுத்தா நின்னுடுமோ, அதான் மெயினு."

அன்றைக்கு அவன் ஒரு பத்தியை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தான். அடித்துவிட்டு மீதியை வாசித்தான். இன்னும் நிற்கிறது, இன்னும் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "இத எடுத்தா மீதி எல்லாம் பல்லிளிக்குது பாஜி." சரியான வரிதான் அது.

மறுநாளே அம்பரீன் அதை வகுப்புக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு அவளிடம் படித்த எந்தப் பெண்ணும் முதல் வரியைப் பார்த்து எழுதவில்லை. வேலூரில் நடந்த ஒரு பயிற்சியில் மற்ற பள்ளி ஆசிரியர்கள் இது யார் முறை என்று கேட்டார்கள். "என் தம்பியோடது. அவன் பம்பு ஃபிட்டர்" என்றாள். அவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

*

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் போன முறைகளுக்குக் கணக்கில்லை. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "வாட்ஸ்அப் காலா இருக்கும்மா, ரெக்கார்டுல வராது. தம்பி போனும் தொட்டிக்குள்ள போயிடுச்சு. கம்பெனி போன்லேர்ந்து அன்னைக்கு ஒரு கால்கூட போகல. நான் இன்னா பண்ணட்டும்?" அன்று கேட்டில் இருந்த வடநாட்டுக் காவலாளி மறுநாளே ஊருக்குப் போய்விட்டான். தபரேஸ் தொழுகைக்குப் போகிற வழியில் சத்தம் கேட்டு ஓடிவந்து உடம்பைத் தூக்கியவன். அதற்கு முன்னால் நடந்தது அவனுக்குத் தெரியாது.

அம்பரீனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "வர்றேன் ஆபா." ஆபா என்றால் அக்கா. கூப்பிட்டது ஒரு பெண். அவனைவிட மூத்தவள். அவன் மரியாதை வைத்திருந்தவள். அந்த டேனரியில் வேலை செய்கிறவள். தானாகக் கூப்பிட்டிருக்கமாட்டாள். கூப்பிடச் சொன்னது யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தால் தன்சீல் அகமது அகப்படுவார். வராவிட்டால் ஒவைஸ் தன் இஷ்டத்துக்குச் சாக்கடைக்குள் இறங்கிச் செத்த முட்டாளாகவே இந்த ஊரில் நிற்பான்.

அம்பரீன் தெருவிலேயே வள்ளியம்மாள் இருந்தாள். அதே டேனரியில் தோலின் ஓரம் வெட்டுகிற பிரிவில் வேலை. சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் பத்தாவது பாஸ் வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டதால், அவளும் இன்னும் சில பெண்களும் தனியாகப் பரீட்சை எழுதப் போகிறார்கள். லீவு நாளான வெள்ளிக்கிழமை தமிழ்ப் பாடம் எடுக்கச் சொல்லி முன்பே பலமுறை கேட்டிருந்தாள். அம்பரீனின் பள்ளிக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தம்பியோடு உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கிற ஒரே நாள் என்று மறுத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது அவளே வள்ளியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "பாடம் எடுக்கிறேன்."

வள்ளியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லது டீச்சர். நாலு பேரு நடுவுல இருந்தா மனசுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்."

அம்பரீன் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பள்ளியில் ஒரு அறையைக் கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வந்தார்கள். சிறுமிகளுக்கான பெஞ்சில் இடுப்பை நுழைக்க முடியாமல் சிரித்தார்கள். அம்பரீன் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டாள். கேட்கும்போது கண்ணைப் பார்த்தாள். அவர்களில் ஒவைஸ் ஆபா என்று கூப்பிடக்கூடிய வயதில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள்.

அவள் அவசரப்படவில்லை. பல வாரங்கள் சாதாரணப் பத்திகளையே கொடுத்தாள். மழைநீர் சேகரிப்பு, பாலாற்றில் மணல், பல் துலக்குவதன் அவசியம். வரிகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவராக வந்து அடிக்கச் சொன்னாள்.

"இது இன்னா டீச்சர், நாங்க தோல் ஓரம் வெட்றாப்பலவே கீது" என்றாள் வள்ளியம்மாள். "வேண்டாதத வெட்டிக்கினே வந்தா நல்ல தோல் நிக்கும்."

"உன்ன வெட்ட விட்டா நல்ல தோலும் நிக்காதுடி" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. அம்பரீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்புக்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். கொல்லையில் மோட்டார் அப்படியே கிடந்தது.

பின்பெஞ்சில் உட்காருகிறவள் ஜஹீருன்னிசா. ஆபீஸ் கூட்டித் துடைத்து, மேனேஜர் அறைக்கு டீ கொண்டுபோகிற வேலை. கணவன் இல்லை, கல்யாண வயதில் ஒரு மகள். வாரா வாரம் ஃபிளாஸ்க்கில் எல்லோருக்கும் டீ கொண்டு வருவாள். முதல் கிளாஸை அம்பரீனுக்குத்தான் கொடுப்பாள். கொடுக்கும்போது கிளாஸைப் பார்ப்பாளே தவிர முகத்தைப் பார்க்கமாட்டாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால், "எனக்கு மண்டைல ஏறல டீச்சர், அடுத்த வாரம்" என்பாள். அம்பரீன் விட்டுப் பிடித்தாள்.

*

அதற்குள் கம்பெனி ஒரு இரங்கல் அறிவிப்பு வெளியிட்டது. சென்னையில் இருக்கிற வக்கீல் எழுதிக் கொடுத்தது என்று பேச்சு. கேட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகிற வரிசையில் நின்று எல்லோரும் தினமும் பார்த்த காகிதம்தான். யாரும் முழுசாகப் படிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்பரீன் அதைக் கரும்பலகையில் எழுதினாள்.

'எங்கள் நிறுவனம் நெடுங்காலமாக இப்பகுதி மக்களுக்கு வாழ்வளித்து வருகிறது. தொழிலாளர் பாதுகாப்பே எங்கள் முதற்கடமை. பம்பு பிரிவில் பணியாற்றிய திரு. ஒவைஸ் அவர்களின் மறைவு எங்களுக்குப் பேரிழப்பு. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் அன்று யாரும் பணிக்கு அழைக்கப்படவில்லை. அவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் தொட்டிக்குள் இறங்கியதாகத் தெரியவருகிறது. அன்னாரின் குடும்பத்துக்கு நிறுவனம் என்றும் துணைநிற்கும்.'

எழுதி முடித்துத் திரும்பினாள். 

"டீச்சர்... இது வேணாமே" என்றாள் வள்ளியம்மாள்.

"ஏன்? பத்திதானே. வாங்க, அடிங்க."

வள்ளியம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். முதல் வரியை அடித்தாள். "வாழ்வளிச்சாங்களாம். ஓவர்டைம ஒழுங்கா குடுக்கட்டும்." யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். இரண்டாவது வரியையும் அடித்தாள். "எடுத்தாலும் நிக்குது டீச்சர்." இன்னொருத்தி வந்து கடைசி வரியை அடித்தாள். "நிக்குது."

"மூணாவது?" என்றாள் அம்பரீன்.

"அது... தம்பி செத்தது டீச்சர்."

"அடிச்சுப் பாருங்க. நிக்குதா?"

அந்தப் பெண் சாக்பீஸைப் பிடித்தபடி மீதியை வாய்க்குள் படித்தாள். முகம் மாறியது. "நிக்குது டீச்சர்."

"ஆமா. அவங்களுக்கு அவன் செத்தது முக்கியமில்ல. அடிங்க."

ஒவைஸின் பெயருக்கு மேல் கோடு விழுந்தது. அதைக் கண் சிமிட்டாமல் பார்த்துவிட்டு அம்பரீன் பின்பெஞ்சைக் கூப்பிட்டாள். "ஜஹீருன்னிசா. மீதி ரெண்டு வரிதான். நீங்க வாங்க."

"எனக்கு மண்டைல..."

"ஏறும். வாங்க."

ஜஹீருன்னிசா வந்தாள். சொந்த விருப்பத்தின் பேரில் இறங்கினான் என்ற வரிமேல் கையை வைத்தாள். அடித்தாள். மிச்சம் ஒரே வரி. வெள்ளிக்கிழமை யாரும் அழைக்கப்படவில்லை. சாக்பீஸ் அதன் முன்னால் போய் நின்றது. நகரவில்லை.

"அடிங்க. அத எடுத்துட்டு அடிச்சதெல்லாம் திரும்ப வச்சாலும் நிக்குதான்னு பாருங்க" என்றாள் அம்பரீன்.

"நிக்காது டீச்சர்."

"ஏன் நிக்காது?"

"கூப்பிட்டாங்கன்னா அவனா எறங்கல. அவனா எறங்கலன்னா... இது எல்லாமே பொய்யி." ஜஹீருன்னிசா கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினாள். "வெள்ளிக்கிழமைதான டீச்சர் தொட்டியத் தொறப்பாங்க. இத எழுதினவன் ஊர்க்காரன் இல்ல. கூப்பிட்டாங்க டீச்சர். நான்தான் கூப்பிட்டேன்."

வள்ளியம்மாள் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் சொல்லி?"

"மேனேஜர் சாப்தான். நான் ஆபீஸ் கூட்டப் போயிருந்தேன். மறுநாள் ஃபாரின்காரங்க பாக்க வர்றாங்க, பம்பு அடைச்சிருக்கு, இன்னைக்கே க்ளீன் ஆவணும்னாரு. அவரு தன் போனத் தொடல. உன் போன்ல கூப்பிடு, நீ கூப்பிட்டா அவன் தட்டமாட்டான்னாரு. அவன் வந்தான். கேஸ் கீது, ஒரு நா தொறந்து விட்டுட்டு எறங்கறேன்னு சொன்னான். அஞ்சு நிமிஷ வேலைக்கு பேஜார் பண்றியான்னு சாப் கத்துனாரு. நான் டீ போடப் போய்ட்டேன் டீச்சர். திரும்பி வந்து பாத்தா..."

அந்த டீயை இத்தனை வாரமாக நான் குடித்தேன் என்றுதான் அம்பரீனுக்கு முதலில் தோன்றியது. கை ஓங்கத் துடித்தது. அவள் ஓங்கவில்லை. அறைந்தால் அத்தோடு போய்விடும்.

"எழுதுங்க" என்றாள்.

"டீச்சர்..."

"அந்த வரிய அழிச்சுட்டு அதே இடத்துல எழுதுங்க. ஆபா."

ஒவைஸ் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். ஜஹீருன்னிசா அந்த வரியை அழித்தாள். கோணல் எழுத்தில் எழுதினாள். 'மேனேஜர் சொன்னார். நான் கூப்பிட்டேன்.'

"வாசிங்க."

வாசித்தாள்.

"கேக்கல. சத்தமா."

வாசித்தாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள் அம்பரீன். பெஞ்சில் இருந்த ஒவ்வொருத்தியும் அதைக் காதால் கேட்டாள் என்பது உறுதியாகிற வரை நிறுத்தவில்லை.

"போதும் டீச்சர்!" வள்ளியம்மாள் எழுந்துவிட்டாள். "இதுக்குத்தானா பாடம் எடுத்தீங்க? எங்கள நம்ப வச்சு?"

"ஆமா. இதுக்குத்தான்."

"அவளுக்கு வேல போய்டும். பொண்ணு கல்யாணம் நிக்கும். எங்களுக்கும் நாளைக்கு கேட்ல இன்னா ஆவும்னு தெரியல."

"என் தம்பிக்கும் வேல இருந்துது வள்ளியம்மா."

 ஃபிளாஸ்க்கில் டீ அப்படியே இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

*

கோட்டாட்சியர் விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுவரை அம்பரீன் தினமும் பள்ளி விட்டதும் ஜஹீருன்னிசா வீட்டு வாசலில் போய் நின்றாள். திட்டவில்லை, கெஞ்சவில்லை. "நீங்க வந்து சொல்ற வரைக்கும் நான் வருவேன் ஆபா" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தியில் மஃரிப் பாங்கு சொல்கிற வரை நிற்பாள். தெரு பார்த்தது. ஜஹீருன்னிசாவின் மகள் கதவைச் சாத்தினாள். பிறகு ஒருநாள் திறந்து நாற்காலி போட்டாள். அம்பரீன் உட்காரவில்லை. ஜமாத்திலிருந்து ஆள் வந்து, இறந்தவனுக்காக துஆ செய்யுங்கள், பொறுமையாக இருங்கள் என்றார்கள். "துஆ அவனுக்குச் செய்றேன். பொறுமை யாருக்காக?" என்று கேட்டாள்.

விசாரணை நாளில் அலுவலக வராந்தாவில் தன்சீல் அகமது தனியாக நின்றிருந்தார். இந்த முறை அத்தர் வாசனை இல்லை. அவளைக் கண்டதும் அருகில் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"ஆபா, நீங்க அன்னைக்கு ஒரே வரில கேட்டீங்க. நான்தான் எறங்கச் சொன்னேன். முதலாளி நெருக்கினாரு, நான் சொன்னேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு. அல்லாவுக்காக மாஃப் பண்ணிடுங்க."

இத்தனை மாதம் அவள் காத்திருந்த வரி. அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அதையே உள்ள போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"உள்ள எப்படி ஆபா..."

"அப்ப மாஃபும் இல்ல."

உள்ளே அவர், வெள்ளிக்கிழமை விடுமுறை, யாரையும் அழைக்கவில்லை என்றார். அவருக்குப் பிறகு ஜஹீருன்னிசா போனாள். முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்தபடி, அன்று கரும்பலகையில் எழுதியதை அப்படியே சொன்னாள். அவளுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, வள்ளியம்மாளும் மற்றவர்களும் வந்து நின்றார்கள். அவளே எழுதி வாசித்ததைக் கேட்டோம் என்றார்கள். அம்பரீன் பக்கம் அவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தன்சீல் அகமதைக் கைது செய்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். கம்பெனி அவரை நீக்கியது. கேட்டில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயரை வழக்கில் சேர்க்க வேண்டுமென்று அம்பரீன் மனு போட்டிருக்கிறாள். வாய்தாவுக்கு வாய்தா பள்ளியில் லீவு எடுத்துக்கொண்டு போகிறாள். நீதிமன்றத்தில் தன்சீல் அகமதுக்கு நேர் எதிரில் இருக்கிற பெஞ்சில்தான் உட்காருவாள். அவர் குடும்பத்தோடு ராணிப்பேட்டைக்குக் குடிபோய், அங்கே ஒரு கெமிக்கல் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகத் தெரிந்ததும் பஸ் ஏறிப் போனாள். தெருவைக் கண்டுபிடித்தாள். அவர் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி இறங்குகிறபோது எதிர்ச் சாரியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் பார்த்தார். பார்த்தது போதும் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். மறுமாதமும் போனாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பை அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. பரீட்சை நெருங்கியதும் வள்ளியம்மாள் வந்தாள், பிறகு மற்றவர்கள். முதலில் ஒருவரும் பாடத்தைத் தவிர வேறு பேசவில்லை. பிறகு பெஞ்சில் இடுப்பு நுழையாததற்கு மறுபடி சிரித்தார்கள். வேலை போன ஜஹீருன்னிசாவும் ஒருநாள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது வேறொரு ஷூ கம்பெனியில் கூட்டுகிறாள். ஃபிளாஸ்க் கொண்டு வரவில்லை. அம்பரீன் அவளை வெளியே போகச் சொல்லவுமில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவுமில்லை. அவள் விடைத்தாளை மட்டும் மற்றவர்களுடையதைப் போலவே திருத்தி வைத்தாள். மையக்கருத்துக் கேள்விக்கு ஜஹீருன்னிசா இப்போது முழு மதிப்பெண் வாங்குகிறாள்.

வள்ளியம்மாள் ஒருநாள் கேட்டாள்: "இன்னும் கோவம் தீரலயா டீச்சர்?"

"தீர்ந்தா சொல்றேன்."

தெருக்குழாயில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறாள் அம்பரீன். அதைப் பார்த்துவிட்டு ஜஹீருன்னிசா ஒரு மோட்டார் மெக்கானிக்கை அனுப்பினாள். யார் அனுப்பியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அம்பரீன் வாசலோடு அவனைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரம் தபரேஸ் வந்தான். கொல்லையில் குந்தி உட்கார்ந்து, "எல்லாம் வரிசையாத்தான் வச்சிருக்கான் பாஜி. நான் அப்படியே மாட்டிடறேன், கால் மணி வேலை" என்றான். அவள் அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். மோட்டாரைத் தொடவிடவில்லை.

மழை வந்தபோது மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினாள். கீழே விரித்திருந்த செய்தித்தாள் மஞ்சளாகிவிட்டது. திருகாணிகள் கிண்ணத்திலேயே இருக்கின்றன. மூடி இன்னும் மாட்டப்படவில்லை.